அறுபது பேர் எழுதிய ஒரே கட்டுரை

கல்லூரி ஆசிரியர் வேலை என்றால் பாடம் நடத்துவது என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; ஒரே கட்டுரையை அறுபது கையெழுத்தில் அறுபது தடவை படிப்பதுதான் அந்த வேலை என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சிவப்பு மைப் பேனாவோடு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த என் இனத்தாரே, இது உங்களுக்காக. தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் வணிகவியல் நடத்தச் சேர்ந்தேன். வேலூரிலிருந்து தினமும் பஸ். கண்ணமங்கலத்தில் யாராவது இறங்கி உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். மடியில் அசைன்மென்ட் கட்டை வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்துவிடுவேன். குண்டு குழியில் பஸ் குலுங்கும்போது எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆறு மார்க் எட்டாகியிருக்கிறது. காப்பி அடித்ததைக் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடித்த காலம் அது. பிறகு அதைக் கண்டுபிடிக்க ஒரு சாஃப்ட்வேரே வந்தது. அந்த இரண்டு காலத்திலும் நான் இருந்தேன். இப்போது திருத்த ஒன்றும் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதையெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

மறந்துபோன உதாரணம்

சேர்ந்த புதிது. பி.காம் முதலாண்டுக்கு நான் கொடுத்த முதல் அசைன்மென்ட், சந்தைப்படுத்துதலின் பணிகள். முதல் கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில், சேமிப்புக் கிடங்கு பற்றிய பத்தியின் நடுவே, "இங்கே மேடம் வகுப்பில் சொன்ன உதாரணம் எழுத வேண்டும், மறந்துவிட்டது" என்று ஒரு வரி. பையன் தனக்காகக் குறித்து வைத்தது, அழிக்க மறந்துவிட்டான் போல என்று சிரித்துக்கொண்டே திருப்பினேன். இரண்டாவது கட்டுரையிலும் அதே இடத்தில் அதே வரி. நான்காவதில் இருந்தது. ஏழாவதில் அதற்கு அடிக்கோடு வேறு. மொத்தம் பதினோரு பேர் அந்த உதாரணத்தை மறந்திருந்தார்கள்.

மறுநாள் பதினோரு பேரையும் நிற்க வைத்துக் கேட்டேன். பத்துப் பேர் தரையைப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற ஒருத்தன் மட்டும் கொஞ்சமும் கலங்காமல் சொன்னான்: "நெசமாவே எங்களுக்கும் அந்த உதாரணம் மறந்துபோச்சுங்க மேடம்."

அரக்கு நூல்

ஆரணிப் பிள்ளைகளின் அசைன்மென்ட்டுக்கு ஒரு தனி அழகு உண்டு. மற்ற ஊர்களில் தாளைத் துளைபோட்டு வெள்ளை டேக் கட்டுவார்கள். தறி இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் மிச்சமான பட்டு நூலை முறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். மயில் கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. மேசையில் கட்டைப் பிரித்தால் கல்யாண வீட்டுத் தட்டு மாதிரி இருக்கும். அந்த வாரம் யார் வீட்டுத் தறியில் என்ன நிறம் ஓடுகிறது என்பதுகூட எனக்குத் தெரிந்துபோகும்.

ஒருமுறை ஆறு அசைன்மென்ட் ஒரே அரக்கு நிற நூலில் கட்டி வந்தது. எழுதியவர்களில் தறி இருந்தது தேவகி வீட்டில் மட்டும்தான். மீதி ஐந்து பேரில் ஒருத்தியின் அப்பா பஸ் கண்டக்டர், ஒருத்தியின் வீட்டில் மாவு மில். ஆறையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வார்த்தை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவகி வீட்டில் கூடி, அவளுடையதைப் பார்த்து எழுதி, அவள் வீட்டு நூலிலேயே கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நூலை வைத்தே கண்டுபிடித்தேன் என்றதும் ஆறு பேரும் மேசையில் இருந்த நூலைப் பார்த்தார்கள். தேவகிதான் முதலில் தேறினாள். "சாரிங்க மேடம், அடுத்த வாட்டி ஆளுக்கு ஒரு கலர் கட்டிக்கிறோம்."

முந்தைய நூல்

தசரதன் நல்ல உழைப்பாளி. காலையில் ஏர் ஓட்டிவிட்டு, குளித்துத் தலை காயாமல் வகுப்புக்கு வருவான். நூலகத்தில் இருந்த தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து, வங்கிச் சட்டம் பற்றி இருபது பக்கம் மணிமணியாக எழுதிக் கொடுத்தான். பதினான்காம் பக்கத்தில், "இதுபற்றி என் முந்தைய நூலில் விரிவாக விளக்கியுள்ளேன்" என்று இருந்தது.

கூப்பிட்டு அந்த வரியைக் காட்டி, "தசரதா, எந்த முந்தைய நூல்ப்பா?" என்று கேட்டேன். வரியைப் படித்தான். தலையைச் சொறிந்தான். பிறகு முகம் தெளிந்து சொன்னான்: "போன செமஸ்டர் அசைன்மென்ட்டைச் சொல்றேனுங்க மேடம்."

மூன்றாவது லிங்க்

புதிய நூற்றாண்டு பிறந்த கையோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. பிள்ளைகளின் கையெழுத்து என் வாழ்க்கையை விட்டுப் போனது அப்போதுதான். எல்லாம் பிரின்டவுட். நீல நிறத்தில் அடிக்கோட்டோடு வார்த்தைகள், பக்கத்தின் அடியில் "அடுத்த பக்கத்துக்கு இங்கே க்ளிக் செய்யவும்" என்கிற ஆங்கில வரி. க்ளிக் செய்ய முடியாத தாளில் அதையும் அச்சடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, மேலே சொந்தப் பெயர்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவுசெய்து, சந்தேகமான அசைன்மென்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். கடைக்காரர் இர்ஃபான் பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒரு பத்தியை அப்படியே தேடுபொறியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். ஒரு விரல் டைப்பிங். பாதிப் பத்தி அடிப்பதற்குள் நெட் இரண்டு தடவை போய் வந்தது. பின்னால் நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த பாய்க்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இன்னாத்துக்கு மேடம் இவ்ளோ பேஜார் ஆவுறீங்க? மூணாவது லிங்க்கை அமுக்குங்க, நேத்து நான்தான் எட்த்துக் குட்த்தேன்."

சிவப்பு

சென்னையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்த தாளாளர், காப்பி கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் நம் கல்லூரிக்கும் வேண்டும் என்றார். வந்தது. நூலகத்தின் மூலையில் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தாளாளர், பிரின்சிபால், ஆசிரியர்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். கம்ப்யூட்டர் துறை குமரவேல் விளக்கினார். கட்டுரையை உள்ளே போட்டால், வேறு எங்காவது இருக்கிற வரிகளை எல்லாம் சிவப்பாக்கிக் காட்டும், எத்தனை சதவீதம் என்றும் சொல்லும். "எதையாவது போட்டுக் காட்டுங்க" என்றார் தாளாளர்.

குமரவேல் வெகுளி. கையிலிருந்த ஒரே நீளமான ஆங்கில ஃபைல், கல்லூரிக் கையேட்டில் அச்சான தாளாளர் வாழ்த்துச் செய்திதான். அதையே போட்டுவிட்டார். திரை மேலிருந்து கீழாகச் சிவந்துகொண்டே வந்தது. தொலைநோக்கு சிவந்தது, கிராமப்புற மாணவர் முன்னேற்றம் சிவந்தது, ஒழுக்கமும் சிவந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ கல்லூரிகளின் கையேடுகளில் அதே செய்தி இருந்திருக்கிறது. கல்லூரிப் பெயரும் தாளாளர் பெயரும் மட்டும் கறுப்பாக நின்றன. தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது. பசங்களுக்கு மட்டும் போடுங்க."

நான் சொன்னதுதான்

முதன்முதலாக என் வகுப்பின் அசைன்மென்ட்டுகளைத்தான் அதில் போட்டுப் பார்த்தோம். அத்தனையும் சிவப்பு. ஒருவர் எழுதியது இன்னொருவருடையதோடு பொருந்தியது. போதாததற்கு எங்கோ தெற்கே ஒரு கல்லூரி ஆசிரியர் இணையத்தில் போட்டு வைத்திருந்த பாடக் குறிப்போடும் பொருந்தியது. கோபம் தலைக்கேறி வகுப்புக்குப் போய்ப் பொரிந்து தள்ளினேன். இத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடச் சொந்தப் புத்தி இல்லையா என்று கேட்டேன். வகுப்புத் தலைவி ரேவதி மட்டும் எழுந்து வந்து தன் நோட்டைத் திறந்து மேசையில் வைத்தாள். மூன்று மாதம் முன்பு நானே டிக்டேட் செய்த குறிப்பு. கமா மாறாமல் அதைத்தான் எல்லோரும் டைப் அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

அப்படியானால் தெற்கே இருந்த அந்த ஆசிரியருக்கு என் குறிப்பு எப்படிப் போயிற்று? நோட்டைப் புரட்டினேன். பிறகுதான் உறைத்தது. நான் சொல்லிக்கொடுத்தது, வேலூரில் படித்தபோது என் பேராசிரியர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டது. அந்தத் தென்னாட்டு ஆசிரியரும் அவரிடமோ, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரிடமோ உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். எங்கள் பேராசிரியர் எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாரோ, அது அவருக்குத்தான் வெளிச்சம். கோபம் இறங்கி, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "அதுக்காக அப்படியே எழுதுவீங்களா?" என்று ஒப்புக்குக் கேட்டேன். ரேவதி மரியாதையாகத்தான் சொன்னாள், அதுதான் இன்னும் குத்துகிறது: "வார்த்தை மாத்தி எழுதினா மார்க்கு கொறைப்பீங்கன்னுதான் மேடம் அப்படியே எழுதினோம்."

பூஜ்ஜியம் வாங்கிய தமிழ்

மெஷின் வந்த பிறகு தமிழ்த் துறையில் ஒரே கொண்டாட்டம். அவர்கள் பிள்ளைகள் டைப் அடித்துக் கொடுத்த கட்டுரைகள் எல்லாம் பூஜ்ஜியம் சதவீதம். ஒரு வரிகூடச் சிவக்கவில்லை. தமிழாசிரியை செல்வி எங்கள் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து, "எங்க பசங்க சொந்தமா யோசிக்கிறாங்க, உங்க பசங்க மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வயிறு எரிந்தது. குமரவேல் மட்டும் சந்தேகப்பட்டு இரண்டு கட்டுரைகளை எடுத்து இணையத்தில் இருந்தவற்றோடு கண்ணாலேயே ஒப்பிட்டார். வரிக்கு வரி அதேதான். பிள்ளைகள் டைப் அடித்தது பழைய தமிழ் எழுத்துருவில். நமக்குத் திரையில் தமிழாகத் தெரிந்தது, மெஷினுக்கு ஆங்கில எழுத்துகளை அள்ளி இறைத்த மாதிரி இருந்திருக்கிறது. ஒன்றும் புரியாமல், ஒன்றும் கேட்காமல், எல்லோருக்கும் பூஜ்ஜியம் போட்டு அனுப்பியிருக்கிறது. குமரவேல் இதை விளக்கி முடித்ததும் செல்வி கொஞ்சமும் அசரவில்லை. "படிக்காமலே திருத்தி அனுப்பியிருக்கா? அப்ப அது மெஷின் இல்ல சார், நம்ம ஸ்டாஃப்தான்."

கல்யாணி அம்மாள்

இதைச் சொல்லத்தான் மற்றதை எல்லாம் சொன்னேனோ என்னவோ. பரிமளா சந்தவாசலிலிருந்து வரும் பெண். அம்மா ஆரணியில் அரிசி ஆலையில் வேலை. மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்கு, அரிசி ஆலைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி எழுதினாள். அதற்குள் மெஷினுக்கு ஒரு சட்டம் வந்திருந்தது. பாதிக்கு மேல் சிவந்தால் புராஜெக்ட் தள்ளுபடி, அடுத்த வருஷம்தான் மறுபடி. பரிமளாவுடையது முக்கால்வாசிக்கு மேல் சிவந்தது. அவளுக்கு எம்.காம் படிக்க வேலூரில் இடம் கிடைத்திருந்தது. ஒரு வருஷம் தள்ளினால் அந்த இடம் போகும், வீட்டில் இன்னொரு தடவை அனுப்பமாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், வகுப்பு மொத்தமும் பார்க்க, "மூணு வருஷம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து இதைத்தான் கத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். "நான் எழுதினதுதாங்க மேடம்" என்றாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். அவள் அழவில்லை. ஃபைலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். ஆலையின் பெயர் அச்சடித்த ஒரு துணிப்பையை என் மேசையில் கவிழ்த்தாள். நாற்பது கேள்வித்தாள்கள். நாற்பது பெண்களிடம் ஆலை வாசலிலும் வீடுகளிலும் கேட்டு, அவள் கையாலேயே எழுதியவை. சிலவற்றில் கையெழுத்து, பலவற்றில் கைநாட்டு. எடுக்க எடுக்க மேசையில் தவிடு உதிர்ந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. குமரவேலை அழைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனோம். அது காட்டிய இணையதளம், தயாராக எழுதிவைத்த புராஜெக்ட்டுகளை விற்கும் இடம். ஆரணி என்று வந்த இடமெல்லாம் வேறு ஊர்ப் பெயர். மற்றபடி வரிக்கு வரி ஒன்றுதான். இரண்டும் ஒன்று என்று மெஷின் சொல்லும். எது முதலில் வந்தது என்று சொல்லாது. வேகமாகப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனோம். உமித் தூசியால் கண் எரிச்சல் என்று ஓரிடத்தில் ஒரு பெண் சொல்வதாக இருந்தது. பெயர், கல்யாணி அம்மாள். பரிமளா திரையைத் தொட்டாள். "மேடம், இது எங்கம்மா." ஊரை மாற்றியவர்கள் பெயரை மாற்ற மறந்திருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு டைப் அடிக்கக் கொடுத்த இடத்திலிருந்து ஃபைல் கைமாறியிருக்க வேண்டும். எப்படிப் போயிற்று என்று கடைசிவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்று பஸ்ஸில் நான் எதையும் திருத்தவில்லை. மறுநாள் அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால், நான் சொன்னது தப்பு என்று பரிமளாவிடம் சொன்னேன். எழுந்து நின்று, "பரவாயில்லைங்க மேடம்" என்றாள். அவள் அப்படிச் சொன்னது, முதல்நாள் அவள் அழாமல் இருந்ததைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் பிரின்சிபால் ஒத்துக்கொள்ளவில்லை. "பேரு யாருக்கு வேணா இருக்கும். கேள்வித்தாளை நேத்துகூட எழுதிக்கலாம். மெஷின் சொன்னதை நான் எப்படி மீறுறது?" என்றார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இரண்டு நாள் முன்பு நானும் அதைத்தான் சொன்னேன். அம்மாவை அழைத்து வரச் சொன்னேன். ஆலையிலிருந்து நேராக வந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் தவிடு. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பிரின்சிபால் கேள்வித்தாளைக் காட்டி, "இதெல்லாம் உங்களை யாரும்மா கேட்டாங்க?" என்றார். புராஜெக்ட் அன்றைக்கே ஏற்கப்பட்டது, பரிமளா வேலூருக்குப் போனாள், இன்று அவளும் என்னைப் போல அசைன்மென்ட் திருத்திக்கொண்டிருக்கிறாள். ஆனால் அன்று பிரின்சிபாலைப் பேனாவைத் திறக்க வைத்தது நாற்பது தாள்களும் இல்லை, என் வாதமும் இல்லை. கல்யாணி அம்மாள் சொன்ன பதில்தான்: "என் வூட்லயே இருந்துகினு, நான் பெத்த பொண்ணு, பேப்பரும் பேனாவுமா எதிர்ல குந்திகினு, 'உங்க பேரு இன்னாங்கம்மா'ன்னு என்னையே கேட்டு எழுதினாளுங்க சார், இதுல காப்பி எங்கருந்து வரும்?"

சொந்தச் சரக்கு

அதற்குப் பிறகு என் அசைன்மென்ட்டுகளை மாற்றிவிட்டேன். புத்தகத்தில் இருக்கிற தலைப்பு கிடையாது. உங்கள் தெருவில் ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே சரக்கு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்த்து எழுதுங்கள். மெஷின் சும்மா கிடந்தது. பரிசோதிக்கப் போட்டால் ஒரு கறுப்பு வரிகூடச் சிவக்காது. கட்டுரைகள் கோணல்மாணலாக இருந்தன, எழுத்துப்பிழை மலிந்து கிடந்தது. ஆனால் இரண்டு கட்டுரை ஒன்றுபோல் இல்லை. பஸ்ஸில் திருத்தும்போது இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததே தெரியாமல் படித்திருக்கிறேன்.

கண்ணமங்கலத்திலிருந்து வரும் முரளி, அவன் அப்பாவின் விதைக்கடையைப் பற்றி எழுதியிருந்தான். எந்தப் பருவத்தில் எந்த விதை போகும், மழை பொய்த்த வருஷம் சரக்கை என்ன செய்வது, எந்த ஊர் விவசாயி விதையைக் கடித்துப் பார்த்து வாங்குவார் என்று அவ்வளவு விஷயம். பத்தொன்பது வயதுப் பையனுக்கு இவ்வளவு அனுபவமா என்று அசந்துபோய், வகுப்பில் அவனை எழுப்பி, "இதுதாண்டா சொந்தமா எழுதுறது. மெஷின்லயே ஒரு வரி மாட்டலை" என்று பாராட்டினேன். முரளிக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படி மேடம் மாட்டும்? எங்கப்பா யாரையும் பாத்து எழுதலை, மூணு நாளு உக்காந்து அவரே சொந்தமா எழுதினாருங்க."

ஆக, இத்தனை வருஷத்தில் காப்பி அடித்தவர்களை எல்லாம் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அவர்கள் அடித்த காப்பியை ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள் நான்தான் என்பதை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன்.